பரிபூரணத்தின் ரத்தத்தில் கொழுப்பு

மதுரையில் பரிபூரணத்தின் இடது மார்பை எடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தபோது அந்தச் சீட்டு ராஜபாளையத்து வீட்டுக்கு வந்தது. தொண்ணூறாம் வருஷம், பங்குனி மாதம். அவள் கணவன் சௌந்தரபாண்டியன் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்து, கூடத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த தன் அக்கா ஆவுடையம்மாளுக்கு வாசித்துக் காட்டினான்.

"ரத்தத்துல கொழுப்பு எரநூத்தி எழுவத்திரெண்டு இருக்காம்க்கா. எரநூறுக்குள்ள இருக்கணுமாம்."

ஆவுடையம்மாள் கீரையிலிருந்து நிமிரவில்லை. "நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து சொல்லுதேன், அவளுக்குக் கொழுப்புன்னு. டாக்டருக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

சௌந்தரபாண்டியன் சிரித்துவிட்டான். அடுப்படி வாசலில் நின்ற பரிபூரணமும் சிரித்தாள். மூன்று மாதத்தில் அந்த வீட்டில் எழுந்த முதல் சிரிப்பு அது.

சீட்டைக் கொடுத்தவர் டாக்டர் சடகோபன். மதுரையில் வேலை, சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். சனிக்கிழமைகளில் ஊருக்கு வந்து தகப்பனார் வீட்டு முன்னறையில் இருப்பார். மார்பில் புற்று வந்த பெண்களின் ரத்தத்தில் கொழுப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. அறுபது பெண்களைச் சேர்த்திருந்தார். பரிபூரணம் நாற்பத்தோராவது ஆள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். முதல் நாளே கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"இந்த நோய் வந்தவங்க பல பேருக்கு ரத்தத்துல கொழுப்பு கூடியிருக்கு. அதனால நோய் வந்துதா, நோயால அது கூடுதா, எனக்கே தெரியாது. அதைத்தான் பாக்கறேன். நீங்க சாப்பாட்டுல எதையும் மாத்தக் கூடாது. முட்டை, பால் எல்லாம் நன்னா சாப்பிடணும். மருந்து ஏத்தற உடம்பு."

சௌந்தரபாண்டியன் வீட்டுக்கு எடுத்து வந்தது அதில் முதல் வாக்கியத்தை மட்டும்தான்.

ஆவுடையம்மாளுக்கு அது போதுமாயிருந்தது. சேத்தூரில் அவள் புருஷன் நாற்பத்து நான்கு வயதில், கிணற்றடியில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தவர். ரத்தக்குழாயில் கொழுப்பு அடைத்துவிட்டது என்றார்கள். தினமும் அவர் சோற்றில் உருக்கின நெய்யை ஊற்றியது அவள் கை. தம்பி வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷமாகியும், "நானே ஊத்திக் கொன்னேன்" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். பிள்ளையில்லாத அந்த வீட்டில் இதுவரை அவளுக்குப் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை. இப்போது காப்பாற்ற ஓர் ஆள் கிடைத்தாள்.

மறுநாள் அடுப்படி அவள் கைக்குப் போனது. முட்டை நின்றது, பால் நின்றது, தேங்காயும் எண்ணெயும் நின்றன. காலையில் கொள்ளு அவித்த தண்ணீர், மத்தியானம் கேப்பைக் கூழ், சாயங்காலம் பாகற்காய்ச் சாறு, பொழுது அடைந்தால் மறுபடியும் கொள்ளுத் தண்ணீர். சரக்கு அலமாரியின் சாவி ஆவுடையம்மாளின் இடுப்பில் ஏறியது.

"மதினி, வாந்தி எடுத்து எடுத்துக் குடலு காஞ்சு கெடக்கு. ஒரு வாய் மோராவது தாங்க" என்று பரிபூரணம் கேட்டாள்.

"இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சும்மாவா சொல்லிவச்சாக? செத்த நேரம் பொறுத்துக்கோட்டி. பசி தன்னால அடங்கிரும்."

பரிபூரணம் பொறுத்துக்கொண்டாள். யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. இருநூறுக்குள் வந்துவிட்டால் நோவு போய்விடும் என்று மதினி சொன்னதை அவளும் நம்பினாள். நம்புவதற்கு அவளிடம் வேறு எதுவும் இல்லை. வைகாசியில் இருநூற்று இருபத்தெட்டு வந்தது. ஆடியில் நூற்று எண்பத்தொன்று. சௌந்தரபாண்டியன் சத்திரப்பட்டி ரோட்டில் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்கிற பவர்லூம் வைத்திருந்தான். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தி, அக்காவின் கைவைத்தியத்தை வேலையாட்களிடம் சொன்னான். பக்கத்துத் தெரு சுடலையம்மாள், தன் சர்க்கரை வியாதிக்கும் ஏதாவது வழி உண்டா என்று கேட்டு வந்தாள். ஆவுடையம்மாள் அவளுக்குக் கொள்ளு அவிக்கிற பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்தாள். பக்கத்தில் பரிபூரணத்தை நிற்கவைத்து, "பாரு, எப்படி வத்தியிருக்கான்னு" என்று கையைப் பிடித்துக் காட்டினாள்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்ற மதுரைக்குப் போனார்கள். அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாருமே மொட்டைத் தலையும் இளைத்த உடம்புமாகத்தான் இருந்தார்கள். யாரும் இவளைத் தனியாகப் பார்க்கவில்லை. ரவிக்கையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாயிற்று. இடது பக்கம் சுருட்டி வைத்த துணி நிற்க இடமில்லாமல் வயிற்றுக்குச் சரிந்தது. நடக்கையில் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

புரட்டாசியில் ரத்தம் கொடுக்க ஆவுடையம்மாள்தான் கூட வந்தாள். எண் இருநூறுக்குள் வந்ததற்காக ஆண்டாளுக்கு நேர்ந்திருந்தாள். ரத்தம் கொடுத்த கையோடு கோவிலுக்குப் போய்க் கும்பிட்டு முடித்து, தறி ஆட்களுக்குக் கொடுக்க இரண்டு கிலோ பால்கோவா வாங்கினாள். கடைக்காரர் வாணலியிலிருந்து அப்போதுதான் இறக்கியிருந்தார். சூடு போகாத பையைப் பரிபூரணத்தின் மடியில் வைத்துவிட்டு, பஸ் எப்போது என்று விசாரிக்கப் போனாள்.

முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பரிபூரணம் ஒன்றும் சாப்பிடவில்லை. பையின் சூடு சேலைக்கு உள்ளே தொடையில் பட்டது. கை தானாக உள்ளே போயிற்று. முதல் கவளத்தை மெல்லக்கூட இல்லை. இரண்டாவதை வாயில் போடும்போது ஆவுடையம்மாள் முன்னால் நின்றாள்.

அவள் சத்தம் போடவில்லை. இடது கையால் பரிபூரணத்தின் தாடையைப் பிடித்து அழுத்தி, வலது கையின் இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, கன்னத்து ஓரமெல்லாம் தோண்டி எடுத்தாள். எடுத்ததைத் தரையில் உதறினாள். விரலைப் பரிபூரணத்தின் முந்தானையிலேயே துடைத்தாள். பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எம் புருசன் வாய்லயும் இப்படித் தோண்டி எடுத்திருந்தா அவிய இன்னைக்கு இருந்திருப்பாக" என்றாள். சொல்லும்போது அவள் கண் நிறைந்திருந்தது.

பரிபூரணத்துக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

கார்த்திகையில் சௌந்தரபாண்டியன் அழைத்துப் போனான். டாக்டரிடம் ரத்தம் எடுக்கிற வேலை பார்த்தவள் ஜெயபாய், நாசரேத் பக்கத்துப் பெண். ரப்பர் குழாயைக் கட்டிவிட்டு நரம்பைத் தேடினாள். மூன்று இடத்தில் குத்தியும் கிடைக்கவில்லை. ஊசியைக் கீழே வைத்தாள்.

"வீட்டுல என்னக்கா சாப்பிடுதீக?"

பரிபூரணம் சொன்னாள். கொள்ளு, கூழ், பாகற்காய் என்று சொல்லிக்கொண்டு வரும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஜெயபாய் எழுந்து போய் வராந்தாவில் நின்ற சௌந்தரபாண்டியனைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, போன தடவை நூத்தி இருவத்தொண்ணுதான் வந்துது. இது நல்லதுக்குக் குறையல. உள்ள நோவு வேற எங்கயோ பரவி உடம்பத் தின்னுதோன்னு பயமா இருக்கு. டாக்டர்ட்ட காட்டி ஸ்கேன் எடுங்க."

"எரநூறுக்குள்ளதான இருக்கு?"

"ஆமா."

"பொறவு என்னம்மா? நீ ரத்தம் எடுக்கிற பிள்ளை. எடுத்துட்டு அனுப்பு, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ஜெயபாய் நேராக டாக்டரின் அறைக்குள் போனாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக டாக்டர் சடகோபன் பரிபூரணத்தைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். வலது விலாவுக்குக் கீழே அவர் விரல்கள் கல்லில் இடித்த மாதிரி நின்றன. சாப்பாட்டைப் பற்றி ஜெயபாய்தான் சொன்னாள். அவர் முகம் கறுத்தது.

"எட்டு மாசமாவா? எதையும் மாத்தக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்றவர், ஜெயபாயின் பக்கம் திரும்பினார். "நாப்பத்தொண்ணை லிஸ்ட்லேர்ந்து அடிச்சுடு. இந்த ரீடிங் ஒண்ணுத்துக்கும் உதவாது."

ஜெயபாய் நோட்டை எடுத்து அடித்தாள். பரிபூரணம் படுத்தபடியே அதைப் பார்த்தாள். அதற்கு அப்புறம்தான் டாக்டர் சௌந்தரபாண்டியனின் தோளில் கை போட்டு வெளியே கூட்டிப்போனார்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலிலும் முதுகெலும்பிலும் பரவியிருந்தது. அங்கிருந்த டாக்டர் மருந்து ஏற்றுவதை நிறுத்திவிட்டு, "இனிமே அவங்க ஆசைப்பட்டதைக் கொடுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது பரிபூரணம் கேட்டாள். "மொத நாளு டாக்டர் என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா?"

"என்னமோ சொன்னாரு."

"முட்டை, பாலு எல்லாம் நல்லாச் சாப்பிடணும்னாரு. நீங்களும் கேட்டீக."

சௌந்தரபாண்டியன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். "நீயும் கேட்டேல்ல. நீ அக்காட்ட சொல்லியிருக்கலாமே."

அவளும் கேட்டுத்தான் இருந்தாள். நினைவு வந்த போதெல்லாம், மதினி வேண்டாம் என்பதை எதற்குப் பேசி வம்பு என்று விட்டிருந்தாள்.

ஆவுடையம்மாள் அன்று சாயங்காலமே கோழி அடித்தாள். மறுநாள் முட்டை, அதற்கு மறுநாள் ஆட்டுக்கால் சாறு. சோற்றில் நெய் மிதந்தது. எட்டு மாதம் பட்டினி போட்ட அதே மும்முரத்தோடு ஊட்டினாள். "தின்னுட்டி. டாக்டரு சொல்லிட்டாரு. எம்புட்டுக் கேட்டாலும் தாரேன், தின்னு." பரிபூரணத்துக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. இறங்கியதும் திரும்பி வந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் ஊட்டினாள்.

மார்கழி பிறந்தபோது படுத்த படுக்கை. உறவுக்காரர்கள் பார்க்க வரத் தொடங்கினார்கள். உள்ளறையில் கிடந்தவளுக்குக் கூடத்துப் பேச்செல்லாம் கேட்கும். ஒரு நாள் சேத்தூரிலிருந்து ஆவுடையம்மாளின் நாத்தனார் பெத்தம்மாள் வந்திருந்தாள்.

"நான் கட்டுப்பாடா வச்சிருந்த வரைக்கும் நடமாடிக்கிட்டுத்தான் இருந்தா" என்று ஆவுடையம்மாள் சொல்வது கேட்டது. "ஆசைப்பட்டதை எல்லாம் குடுன்னாரு பாருங்க டாக்டரு, அன்னைலருந்துதான் படுத்துட்டா. நம்ம கையில என்ன இருக்கு. ஏலே, நீயே சொல்லு."

"ஆமா" என்றான் சௌந்தரபாண்டியன்.

"ஒன்னைய மாதிரி ஒரு மதினி யாருக்கு அமையும்" என்றாள் பெத்தம்மாள்.

பரிபூரணம் பேச நினைத்தாள். தொண்டையில் காற்றுத்தான் வந்தது. கையை இழுத்து இழுத்து நகர்த்தி, ஸ்டூலிலிருந்த தம்ளரைத் தட்டிவிட்டாள். சத்தம் கேட்டு ஆவுடையம்மாள் எழுந்து வந்தாள். பின்னாலேயே பெத்தம்மாளும் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னட்டி வேணும்?"

பரிபூரணம் வாயைத் திறந்தாள். சொல் வருவதற்குள் ஆவுடையம்மாள் ஒரு கரண்டிப் பாலை உள்ளே விட்டாள். இன்னொரு கரண்டி விட்டாள். தலையைத் திருப்பத் தெம்பில்லை. பால் கடைவாயில் வழிந்து காதுக்குள் போயிற்று.

"குடிச்சுட்டா, பாத்தீகளா" என்றாள் ஆவுடையம்மாள்.

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கையில் பரிபூரணம் இறந்தாள். தறிகளை அன்று ஒரு நாள் நிறுத்தியிருந்தார்கள்.