சோப்புத்தூளில் வெளுத்த டென்ட்

"இரவல் குடுத்த டென்டை எவளாவது சோப்புத்தூள் போட்டுத் தொவைப்பாளா?" தேவநாதன் போட்ட சத்தம் ஓமந்தூர் பஸ் நிறுத்தம் வரை கேட்டது.

அவர் தங்கை கோவிந்தம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தை மாதம் அவள் மகள் இளவரசியை அண்ணன் மகன் செல்வகுமாருக்குக் கட்டுவதாகப் பேச்சு. அது கெட்டுவிடக் கூடாதே.

செல்வகுமார் மலையேறப் போக வாங்கிய கேன்வாஸ் டென்ட் அது. கோவிந்தம்மாள் தன் மூத்த மகள் வளைகாப்பில் சமையலுக்கு மறைப்பாகக் கட்ட வாங்கிப்போனாள். சாம்பார் கறையோடு திருப்பிக் கொடுத்தால் ஊர் சிரிக்குமே என்று பிரஷ் போட்டுத் தேய்த்தாள். கறையோடு, தண்ணீர் இறங்காமலிருக்கத் துணியில் ஏற்றியிருந்த மெழுகும் போனது. போன வார மழையில் டென்ட் ஒழுகி, உள்ளே தேவநாதன் வைத்த விதை மல்லாட்டை (வேர்க்கடலை) மொத்தமும் முளைத்துவிட்டது.

"சுத்தமா குடுத்தது குத்தமாண்ணா? அண்ணி எங்க அண்டாவ கரியோட அனுப்புனப்ப நான் வாயத் தொறந்தேனா?"

"உன் பொண்ணும் இப்படித்தான் என் வூட்ட வெளுக்கப் போறா. எம்புள்ளைக்கு அவ வேணாம்."

"வேணாம்னா போ. அந்த ஓட்ட டென்டுல உம்புள்ளய ஒக்கார வெச்சு நீயே காவல் காத்துக்கினு இரு."

தையில் இளவரசிக்குத் திண்டிவனத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குத் தார்ப்பாய்க் கடை. தேவநாதன் எட்டிப் பார்க்கவில்லை. செல்வகுமார் மட்டும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளையிடமே ஒரு தார்ப்பாய்க்கு விலை கேட்டானாம்.