பெயர் சொல்லி வா

லிங்கராஜபுரத்தில், மேலே செல்ல வழியின்றி ஒரு மதிலில் முட்டி நிற்கும் சந்தின் கோடியில் வனஜாவின் இஸ்திரி வண்டி நின்றிருந்தது. துணிகள் குறைந்து, பெட்டிக்குள் கரி கனன்று, தெரு சற்றே கண்ணயரும் பிற்பகல் வேளை. அந்த வேளையில்தான் அவளுடைய கைப்பேசி தண்ணீர்ப் புட்டியின்மேல் சாய்ந்து நிற்கும். அதில் சீனத்துப் பழைய குங்ஃபூ படம் ஒன்று ஓடும். பக்கத்தில் இருசக்கர வண்டிகள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த கிளெமென்ட், கவிழ்த்த எண்ணெய் டின் ஒன்றின்மேல் அமர்ந்து, குற்றம் சொல்வதற்கென்றே நாள் தவறாமல் அதைப் பார்ப்பார்.

படம் தமிழில்தான் பேசியது. ஆனால் வாய் மூடிய பிறகே சொல் வந்தது. கை இறங்கிய பிறகே அடியின் ஓசை வந்தது. அந்தப் பிந்தலை வனஜா ஒரு குறையாகக் கொண்டதில்லை. மின்னலுக்குப் பின்னால் இடி வருவதில்லையா என்று ஏற்றுக்கொண்டிருந்தாள்.

அன்றைய படத்தில், வெள்ளுடை அணிந்த ஒருவன் சத்திரத்து முற்றத்தில் தனியே நின்றான். வாளேந்தியவர்கள் அவனை வளைத்துக்கொண்டார்கள்.

"இத பாரு வனஜா," என்றார் கிளெமென்ட். "சுத்தி இத்தினி பேரு நிக்கிறான். ஒருத்தன் போயி ஒத வாங்கினு வர்ற வரைக்கும் மீதிப் பேரு இன்னா, பஸ்ஸுக்கா நிக்கிறான்? எல்லாருமா சேந்து ஒரே அமுக்கு அமுக்குனா வேல முடிஞ்சுது."

"அதான் கெடையாதுண்ணா. ஒருத்தன் தம் பேரச் சொல்லி, குரு பேரச் சொல்லி, கும்புட்டு எறங்கிட்டான்னா நடுவுல இன்னொருத்தன் வரக்கூடாது. அது மரியாத."

"மரியாதயாம்! நம்ம ரோட்டுல வந்து சொல்லு பாப்போம். கும்புடுற கையவே ஒடிச்சு அனுப்புவான்."

"அப்ப நீ ஏன் தெனம் வந்து குந்திக்கினு பாக்குற?"

"சிரிக்கத்தான்."

அது பொய் என்று அவளுக்குத் தெரியும். திரையில் வீரன் தன் பெயரை உரைக்கும்போதெல்லாம் கிளெமென்ட்டின் உதடுகளும் ஓசையின்றி அசைவதை அவள் பலமுறை கண்டிருக்கிறாள்.

வனஜாவை ஈர்த்தது கூரைவிட்டுக் கூரை தாவுவதோ, ஒற்றை விரலால் ஓடு பிளப்பதோ அன்று. அடி விழுவதற்கு முந்திய அந்தக் கணம்தான். இருவர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவன் பெயரை மற்றவன் கேட்பான். கொல்ல வந்தவனும் குனிந்து வணங்குவான். புறங்காட்டியவனையும் படைக்கலம் இழந்தவனையும் தீண்டாத பழந்தமிழ் மறவரின் அறம் கடல் கடந்து போய் வேற்றுடை பூண்டு திரும்பியது போலிருக்கும் அக்காட்சி. அந்த மறவரைப் பாடும் பழம்பாடல்களை அவள் படித்தவள் அல்லள். விடியலில் அடுப்பு மூட்டும்போது ஆறுமுகன் துதி ஒன்றை முணுமுணுப்பாள். அதிலும் அசுரனைப் பெயர் சொல்லி அழைத்த பிறகே வேல் பாய்கிறது. அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஏனெனில் அவள் வாழ்க்கையில் அடித்தவர் எவரும் பெயர் சொன்னதில்லை. போன ஆண்டு அவளுடைய வண்டியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். யார் என்று வீடு வீடாகக் கேட்டாள். "யாரோ" என்றது தெரு.

அந்த எண்ணம் முடியுமுன் சந்தின் வாயிலில் பிரேக் கிறீச்சிட்டது. தொடர்ந்து ஒரு குழந்தையின் அலறல்.

அலறலின் பின்னே கூச்சல். கூச்சலின் பின்னே ஓட்டம். அந்தச் சந்திலேயே ஒரு மேல்மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் கவின், முழங்கையில் குருதி வழிய, மூச்சிரைக்க வண்டியை நோக்கி ஓடிவந்தான். ஏதோ ஒரு கம்பெனியின் உதவி மையத்தில் வேலை பார்ப்பவன். அவன் சட்டைகளை வனஜாதான் தேய்த்துத் தருவாள். வண்டிக்கும் மதிலுக்கும் இடையிலிருந்த குறுகிய இடைவெளியில் புகுந்து ஒடுங்கினான்.

"அக்கா, காப்பாத்துங்கக்கா. கொன்னுருவாங்க."

"இன்னாடா பண்ண?"

"ஒன்வேயில எதுத்து வந்துட்டேன். பாப்பா திடீர்னு குறுக்க வந்துருச்சு. தப்பு எம் மேலதான். தூக்கத்தான் போனேன், அதுக்குள்ள அடிக்க வந்துட்டாங்க."

"பாப்பா?"

"அவங்கம்மா ஆட்டோல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க."

சந்து நிறைந்துகொண்டு வந்தது கூட்டம். சிலர் கையில் தலைக்கவசம், ஒருவன் கையில் செங்கல், முன்னே வந்தவன் கையில் கிரிக்கெட் மட்டை. "ஹொடி அவன!" என்று கன்னடத்தில் ஒரு குரல்; "விடாத, அடி!" என்று தமிழில் ஒரு குரல். மொழி இரண்டானாலும் வெறி ஒன்றாக இருந்தது.

"போலீசுக்குப் போன் போட்டேன்," என்று கிளெமென்ட் கிசுகிசுத்தார். "அவங்க ஹொய்சளா வண்டி வர்ற வரைக்கும் இவன் உசுரு தாங்காது. நவுந்துடு வனஜா. இவங்கள நிறுத்த முடியாது."

நகர்ந்திருக்கலாம். அவள் கால்கள் நகரவே விரும்பின. ஆனால் கை, பழகிய பழக்கத்தில், கனலும் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டது. தூக்கியபின் பின்வாங்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வண்டியைச் சுற்றி முன்னே வந்து நின்றாள்.

"யாரு வர்றதா இருந்தாலும் பேரச் சொல்லிட்டு வா!"

கூட்டம் ஒரு நொடி தயங்கியது, பிறகு சிரித்தது.

"இன்னாம்மா, ரேஷன் கடையா இது?"

"நீ சொல்லு." செங்கல் வைத்திருந்தவனை நேரே பார்த்தாள். "உம் பேரு இன்னா? எந்தத் தெரு? யாரு புள்ள?"

அவன் திரும்பிப் பின்னால் நின்றவனைப் பார்த்தான். பின்னால் நின்றவன் சுவரைப் பார்த்தான். அடிக்க வந்தபோது அவர்களுக்குப் பெயர் தேவைப்பட்டிருக்கவில்லை. தலைக்கவசக்காரனைக் கேட்டாள், அவன் ஓரடி பின்வாங்கினான். முன்வரிசை சற்றே தளர்ந்ததைக் கண்டு வனஜாவின் நெஞ்சில் ஒரு துணிவு துளிர்த்தது.

"நான் சொல்றேன்."

மட்டைக்காரன் முன்னே வந்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன. சட்டை மார்பில் குழந்தையின் குருதி ஒட்டியிருந்தது.

"ரவி. அடிபட்டுக் கெடக்குறவ எங்கக்கா ஷில்பா பொண்ணு. வீணா. போதுமா பேரு? நவுரு இப்ப."

கேட்டால் எவனும் சொல்லமாட்டான் என்ற வரையில்தான் வனஜா எண்ணியிருந்தாள். சொன்னால் என்ன செய்வது என்று எண்ணவில்லை. அழைத்தவர் நின்றே ஆகவேண்டும் என்பதும் அந்தப் படங்களின் நெறிதானே. பெட்டியைப் பலகைமேல் வைத்தாள். வலக்கை முட்டியை இடக்கை உள்ளங்கையில் பொருத்தி, தலை தாழ்த்தினாள்.

"எம் பேரு வனஜா. இந்த வண்டிதான் என் அட்ரஸ். மூணு அடி அடிச்சுக்க ரவி. நான் திருப்பி அடிக்கமாட்டேன். நான் நின்னுட்டேன்னா இவன் மேல எவன் கையும் படக்கூடாது. உங்கூட ஆஸ்பத்திரிக்கு வருவான். உங்கக்கா மூஞ்சப் பாத்து நிப்பான். நாளைக்கு ஓடிட்டான்னா இவனத் தேடாத, என்னை வந்து கேளு."

"பொம்பளய அடிக்கச் சொல்றியா?"

"பேரச் சொல்லிட்டல்ல? எறங்கு."

அவள் பெட்டியைக் கைத்துணி ஒன்றோடு இரு கைகளாலும் பற்றி மார்புக்கு முன்னே கேடயமாக உயர்த்தினாள். கைப்பேசியில் படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எவரும் அதைப் பார்க்கவில்லை.

ரவி மட்டையை ஓங்கினான்.

பெட்டியின் மூடியில் விழுந்தது அடி. கோயில் மணியை உள்ளிருந்து கேட்டது போல் அவள் எலும்பெல்லாம் அதிர்ந்தன. கனல் துண்டுகள் பொறிகளாகச் சிதறின. ஒன்று அவள் புறங்கையைச் சுட்டது. பெட்டியை விடவில்லை.

"ஒண்ணு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கிளெமென்ட். எப்போது எழுந்து வந்தாரோ, வண்டியின் பக்கத்தில் நடுவர் போல் நின்றிருந்தார்.

இரண்டாம் அடி பக்கவாட்டில் வந்தது. மூடியின் கொக்கி தெறித்தது. அவள் தோள் வண்டியில் மோதியது. ஒரு முழங்கால் மடங்கியது. அது தரையில் படுமுன் பலகையைப் பற்றி நிமிர்ந்தாள்.

"ரெண்டு," என்றார் கிளெமென்ட். "விழல. எல்லாரும் பாத்துக்குங்க. விழல."

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "ஏனு நாடகா இது? ரெண்டு பேரையும் ஹொடி!" பறந்து வந்த கல்லொன்று தண்ணீர்ப் புட்டியை வீழ்த்தியது, கைப்பேசி கவிழ்ந்து படம் மறைந்தது. ஏவல் கிடைத்துவிட்டது போல் கூட்டம் முன்னோக்கிச் சரிந்தது. செங்கல்காரன் வண்டியின் சக்கரத்தைப் பற்றினான். எவனோ ஒருவனின் கை கவினின் காலைப் பிடித்து இழுத்தது. கிளெமென்ட் அண்ணன் சொன்னதே மெய், ஒரே அமுக்கு, என்று வனஜா நினைத்துக்கொண்டாள். கண்ணை மூட எண்ணினாள்.

"ஏய்!"

அது ரவியின் குரல். அவளுக்கு முதுகு காட்டி, தன் கூட்டத்தை எதிர்கொண்டு நின்றான். மட்டை குறுக்கே நீண்டிருந்தது.

"நான் எறங்கியிருக்கேன்ல? அடிபட்டவ எங்க வூட்டுக் கொழந்த. உங்களுக்கு இன்னாடா இங்க? எவனாவது நடுவுல வரணும்னா மொதல்ல பேரச் சொல்லிட்டு வா!"

கவினின் காலைப் பிடித்திருந்த கை விட்டது. சக்கரத்தைப் பற்றியவன் கையை விலக்கி, செங்கல்லை எங்கே வைப்பதென்று தெரியாமல் மெல்லக் கீழே வைத்தான்.

ரவி திரும்பினான். அவனுக்கு இன்னும் ஓர் அடி மீதியிருந்தது. தான் காத்த நெறிக்குத் தானே கட்டுப்பட்டு, மூச்சு ஏறி இறங்க, அவளெதிரே நின்றான். வனஜா பெட்டியை உயர்த்தினாள். அதன் மூடி ஒடிந்து தொங்கியது. மட்டை இறங்கினால் இனித் தடுக்க மூடியில்லை, அவள் முகம்தான் இருந்தது. அவனுக்கும் அது தெரிந்தது. அவள் கண்ணை மூடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் முழுதாகப் பார்த்தது அப்போதுதான்.

மட்டை உயர்ந்தது. உச்சியில் நின்றது. பிறகு, துணிமேல் துணி வைப்பது போல் மெல்ல இறங்கி, பெட்டியின் விளிம்பைத் தொட்டது.

எண்ணுவதற்குக் கிளெமென்ட் மறந்துபோனார்.

"மூணு," என்றான் ரவியே. மட்டை அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

வண்டியின் பின்னாலிருந்து கவின் வெளியே வந்தான். ஓட நினைத்திருந்தால் கூட்டம் பிளந்திருந்த அந்த வேளையில் ஓடியிருக்கலாம். வனஜாவுக்கும் முன்னே வந்து நின்றான்.

"எம் பேரு கவின். அப்பா பேரு பழனிச்சாமி. ஊரு சேலம் பக்கம் ஆத்தூருங்க. நான்தான் இடிச்சேன்."

ரவி அவனை நெடுநேரம் பார்த்தான். கழுத்துப் பட்டியைப் பற்றுவான் என்று வனஜா எதிர்பார்த்தாள். அவன் மணிக்கட்டைப் பற்றினான்.

"வா. எங்கக்காகிட்ட இத அப்பிடியே சொல்லு."

நடக்கும்போதே ரவியின் கைப்பேசி ஒலித்தது. "சொல்லுக்கா... காலுலதான் அடியா? முழிச்சிருக்காளா? பேசுறாளா?" என்ற குரல் சந்தின் திருப்பத்தில் தேய்ந்தது. பெயர் சொல்லாதவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் கலைந்தார்கள்.

கிளெமென்ட் எண்ணெய் டின்னை இழுத்துப்போட்டு அமர்ந்தார். தரையில் கிடந்த கரித்துண்டுகளைச் செருப்பால் ஒவ்வொன்றாக நசுக்கி அணைத்தார். எதையாவது பேசியாகவேண்டும் என்று அவருக்குப் பட்டது போலும்.

"மூணாவது அடிக்குச் சத்தமே வரல, பாத்தியா வனஜா?"

வனஜா இன்னும் பெட்டியை மார்புக்கு முன்னே ஏந்தியவாறே நின்றாள்.

"வரும்ணா," என்றாள். "லேட்டா வரும்."

சொல்லி வாய் மூடிய பிறகுதான் வந்தது. முதலில் விரல்கள், பிறகு முழங்கைகள், பிறகு உடலெல்லாம் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கின. ஒடிந்த மூடி பெட்டியின்மேல் விடாது மோதி ஒலித்தது. கிளெமென்ட் எழுந்து, சூடு பொறுத்துப் பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.