முதல் தண்ணீர்

சமையலறைத் தொட்டிக்கு அடியிலிருந்து பிளம்பரின் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கசிகிற இடத்தில் ஒரு வாஷர் மாற்றினால் போதும் என்று சொல்லித்தான் உள்ளே நுழைந்திருந்தார். எதையோ சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுபோனது.

"டார்ச்சைக் கொஞ்சம் இப்படி அடிங்கம்மா."

அவள் குனிந்து வெளிச்சம் காட்டினாள். சுவரிலிருந்து வெளிப்படும் இடத்தில் சாம்பல் நிறக் குழாய் ஒன்று சற்று தொய்ந்து வளைந்திருந்தது. கத்திமுனை பட்ட இடம் மட்டும் பளபளவென்று மின்னியது.

"அட, வெள்ளி மாதிரில்ல இருக்கு!" இடுப்பில் இவளுடைய குழந்தையோடு பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அண்ணி சொன்னாள். அவள் கணவனின் அக்கா.

"வெள்ளியா இருந்தா உங்களைக் கூப்பிட்டுக் காட்டுவேனாக்கா? கமுக்கமா அறுத்து எடுத்துட்டுப் போயிருக்க மாட்டேன்?"

அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். குழந்தை அவள் தலைமுடியைப் பிடித்து இழுக்க, "வா, புறா என்ன பண்ணுதுன்னு பாப்போம்" என்று கொல்லைப்பக்கம் போய்விட்டாள். பிளம்பர் வெளியே வந்து உட்கார்ந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"காரீயக் குழாய்ம்மா. தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா கரையும், புள்ளைங்க மூளைக்குத்தான் கெடுதல். அந்தக் காலத்துல இதைத்தான் போட்டிருக்காங்க. தெருவுல இருந்து இங்க வரைக்கும் இதுவாத்தான் இருக்கும். ஒரேயடியா பயந்துடாதீங்க. ஆனா சின்னப் புள்ள இருக்கிற வீடு. குழாயை மாத்துற வரைக்கும் குடிக்கிறதுக்கும் சமைக்கிறதுக்கும் வேற எங்கயாவது பிடிச்சுக்கங்க. அதுலயும் காலையில முதல்ல வர்ற தண்ணி இருக்கே, அது வாயிலயே படக்கூடாது. ராத்திரி பூரா குழாய்க்குள்ளயே நின்னு ஊறின தண்ணி."

"நாங்க காய்ச்சித்தான் கொடுக்கிறோம்."

"கிருமிக்கு அது சரி. இது காய்ச்சினா போற சமாச்சாரம் இல்லம்மா. தண்ணிதான் வத்தும். இது அப்படியே கிடக்கும்."

அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் முதல் தண்ணீர் யாருக்கு என்பதில் ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. அண்ணி எல்லோருக்கும் முன்னால் எழுவாள். அந்த முதல் தண்ணீர் வேறெதற்கும் போய்விடக் கூடாது என்பதற்காக, தான் குளிப்பதற்குக்கூட முந்தைய நாளே வாளியில் பிடித்து வைத்திருப்பாள். குளித்து, ஈரத் தலையோடு வந்து, குழாயைத் திறந்து, விழுகிற முதல் நீரைச் சின்னக் குடத்தில் ஏந்துவாள். அதன்மேல் இரண்டு கைகளையும் கவிழ்த்துக் கண்மூடி வேண்டிக்கொள்வாள். எச்சில் படாத, இன்னொருவர் கை படாத, நாளின் முதல் நீர். அதில் ஒரு துளியும் பெரியவர்களுக்குக் கிடையாது. "நமக்கென்ன, மாடு மாதிரி எதைக் குடிச்சாலும் செரிக்கும். புள்ளைக்குத்தான் சுத்தமா கொடுக்கணும்" என்பாள். பிறந்த நாளிலிருந்து புட்டிப் பாலுக்கும், இப்போது கஞ்சிக்கும், தாகத்துக்கும் குழந்தைக்கு அந்தக் குடம்தான். குடத்து நீரை அடுப்பில் வைப்பது இவள் வேலை. குழந்தைக்கு ஒருமுறை வயிற்றுப்போக்கு வந்ததிலிருந்து, ஒரு கொதி போதாது என்று பாதியாகச் சுண்டும் வரை விடுவாள்.

பிளம்பர் போன பிறகு கண்ணாடித் தம்ளரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவள் தொழில். மயிரிழைக் கீறலைக்கூட அப்படித் தூக்கிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். தண்ணீர் பளிங்காக இருந்தது. எந்தக் குறையும் தெரியாததுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

கணவன் பஸ் ஓட்டுநர். வண்டியை நிறுத்தியிருந்த இடைவேளையில் போனை எடுத்தான். அவள் சொல்லி முடித்ததும், "டாக்டர்கிட்ட இன்னைக்கே கூட்டிட்டுப் போ. அக்காகிட்ட மட்டும் இப்ப ஒண்ணும் சொல்லாத. நான் வந்து பக்குவமா சொல்றேன்" என்றான். அவன் வந்தான், சாப்பிட்டான், அக்காவின் முகத்தைப் பார்த்தான், படுத்துவிட்டான். தாயில்லாத அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்.

அதற்குள் குழந்தையின் கையிலிருந்து ரத்தம் எடுத்தாகிவிட்டது. சத்து இருக்கிறதா என்று பார்ப்பதற்காக என்று அண்ணியிடம் சொன்னாள். பொய் நாக்கில் ஒட்டிக்கொண்டே கிடந்தது. இப்போது குழந்தை செய்வதெல்லாம் கண்ணில் குத்தியது. வயது ஒன்றரை ஆகியும் நாலு வார்த்தை வரவில்லை. 'இவங்கப்பனும் லேட்டாத்தான் வாயைத் திறந்தான், அப்புறம் மூடவே இல்ல' என்று அண்ணி சொன்னபோது எல்லோரும் சேர்ந்து சிரித்த விஷயம் அது.

மறுநாள் அண்ணிக்கு முன்பாகவே எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் தொட்டியில் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது. ஈரத் தலையோடு அண்ணி கதவருகே வந்து நின்றாள். கையில் சின்னக் குடம்.

"என்னடி இது, முதல் தண்ணியைச் சாக்கடையில விடுற? பாவம் இல்லையா?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். குழாயில் துரு என்று சொல்லலாம். ஆனால் ஒரு பொய்யைக் காவல் வைத்துவிட்டு வேலைக்குப் போக முடியுமா? அவள் இல்லாத நேரத்தில், அன்பின் மிகுதியால், அண்ணி குழந்தைக்கு ஒரே ஒரு வாய் கொடுத்துவிட்டால்? கடவுளே, நல்ல வார்த்தையாக வரட்டும் என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டு, குடத்தை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள். அண்ணியின் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்து, பிளம்பர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னாள்.

அண்ணி அழவில்லை. "கும்பிட்டுட்டுத்தானே கொடுத்தேன்" என்றாள். "தெனமும் கும்பிட்டுட்டுத்தானே..."

"நான் மட்டும் என்ன செஞ்சேன்? அதைச் சுண்டச் சுண்டக் காய்ச்சினது யாரு? பாதி உங்க கை, பாதி என் கை அண்ணி. முழுசையும் நீங்களே எடுத்துக்காதீங்க."

அண்ணி சரி என்பதுபோல் தலையை ஆட்டினாள். ஆனால் அன்றிலிருந்து அவள் குழந்தையைத் தூக்கவில்லை. கைநீட்டிக்கொண்டு வந்தால், "மாவுக் கை, மாவுக் கை" என்று விலகிக்கொண்டாள். கையில் மாவே இருக்காது. குழந்தை அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கப் பின்னாலேயே நடந்தது.

எதிர்வீடு புதிதாகக் கட்டியது. அங்கே பிளாஸ்டிக் குழாய். அந்த வீட்டுக்காரர் தபால் ஊழியர். வாசலில் வண்டி நிறுத்துவதில் இவர்களோடு வாய்த்தகராறாகி, பேச்சுவார்த்தை நின்று நாளாகியிருந்தது. பிளம்பர் மூலம் விஷயம் எப்படியோ தெரு முழுக்கப் போயிருந்தது. அன்று மாலை அவர் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார். "தினம் வைக்கிறேன். இதுக்காக உங்க வண்டியை என் வாசல்ல நிறுத்த விடுவேன்னு நினைச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். இப்படித்தான் சிலருக்கு நல்லதைக்கூடக் கடுகடுப்போடு செய்ய வருகிறது. மேலே இருந்து கூலி கொடுப்பவனுக்கு அது தெரியும்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இருக்கக்கூடாதது இருந்தது. தலைக்கு மேல் போகவில்லை, ஆனால் இருந்தது. "முதல்ல அந்தத் தண்ணியை நிறுத்தினதுதான் பெரிய மருந்து" என்றார் டாக்டர். "கொஞ்ச நாள் விட்டு மறுபடி பார்ப்போம். குறையணும்."

"பேச்சு?"

"பார்ப்போம்மா. இப்பவே எதையும் சொல்ல முடியாது."

பார்ப்போம் என்ற சொல்லை மடியில் கட்டிக்கொண்டு அவள் வேலைக்குப் போய்வந்தாள். வீட்டுக்கு வந்தால் அண்ணி இன்னும் குழந்தையைத் தொடாமல் விலகியே நடந்தாள். ஒரு நாள் காலையில் கடைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டியவள் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். குழந்தையைத் தூக்கி அண்ணியின் மடியில் வைத்தாள். கேன் தண்ணீர் நிறைந்த தம்ளரை அவள் கையில் திணித்தாள்.

"எனக்கு நேரமாச்சு. தண்ணி நீங்க கொடுத்தாத்தான் குடிக்கிறா."

"நான் வேணாம்டி. என் கை ராசி..."

"உங்க கையிலதான் இவ அப்பா வளர்ந்தாரு. தொண்டை கிழியப் பேசுறாரு. பேசாம கொடுங்க அண்ணி."

அவள் தெருவில் இறங்கினாள். திரும்பிப் பார்த்தால் அண்ணிக்கு வெட்கமாக இருக்கும் என்று பார்க்காமலே நடந்தாள். பழைய குழாயைத் தோண்டி எடுப்பதற்காக வாசலிலிருந்து தெரு வரைக்கும் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அதைத் தாண்டிப் போனாள்.

குழாய் மாற்றி முடித்து, மறுபடி ரத்தம் எடுக்க வேண்டிய நாளும் வந்தது. அவளும் அண்ணியும் குழந்தையுமாக மூன்று பேரும் போனார்கள். நர்ஸ் ஊசியைப் பிரித்ததுமே குழந்தைக்குப் புரிந்துவிட்டது. அம்மாவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தன் மார்போடு ஒடுக்கிக்கொண்டது. எத்தனை கெஞ்சியும் கை வெளியே வரவில்லை.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு, மெலிந்த கையை மேசைமேல் நீட்டினாள்.

"எனக்கு முதல்ல எடும்மா. அவ பாக்கட்டும்."

"உங்களுக்கு டாக்டர் எழுதலையேம்மா?"

"எழுதச் சொல்லு. நான் பொறந்ததுல இருந்து அந்த வீட்டுத் தண்ணிதானே குடிக்கிறேன்."

அவள் திடுக்கிட்டு அண்ணியைப் பார்த்தாள். இத்தனை நாளில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. கணவனுக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

நர்ஸ் டாக்டர் அறைக்குள் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து, புது ஊசி ஒன்றைப் பிரித்தாள். அண்ணி ஊசியைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தாள். கண்ணாடிக் குழாய்க்குள் கருஞ்சிவப்பு மெல்ல ஏறியது. கழுத்துக்குள்ளிருந்து ஒரு கண் முதலில் எட்டிப் பார்த்தது. பிறகு முழு முகமும் வெளியே வந்தது. குழந்தை அம்மாவின் பிடியிலிருந்து சரிந்து இறங்கி, மேசையருகே போய் எக்கி நின்றது. ஊசியை எடுத்த இடத்தில் நர்ஸ் பஞ்சை அழுத்தினாள். குழந்தை கன்னத்தை உப்பி, அந்தப் பஞ்சின்மேல் ஊதியது. மூச்சு தீர்ந்ததும் இன்னொரு முறை இழுத்து ஊதியது. அண்ணி கையை மடக்கவே இல்லை, நீட்டியபடியே வைத்திருந்தாள்.