ஆமைக் குஞ்சுக்கு ஒரு தாத்தா

உம்மா மௌத்தாகி, அவரை அடக்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் மஸீனா பெரியம்மா என் தங்கச்சி நப்லாவை அக்குறணையிலுள்ள தன் வீட்டுக்குக் கொண்டுபோக ஆயத்தமாகிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஜஹானா, நீ வேலைக்குப் போற புள்ள. நாளைக்கு ஒனக்குக் கலியாணம் வரும். ஆறு வயசுப் புள்ளய நீ தனியா எப்படிப் பாக்கிற?" என்று எங்கள் குண்டசாலை வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஆரம்பிப்பார். கட்டாரில் லொறி ஓட்டும் வாப்பாவோ, "ஸ்கூல் லீவு முடிய முந்தி ரெண்டு பேரும் பேசி முடிவெடுங்க" என்று போனில் நழுவிவிட்டார்.

இதற்கு நடுவில், கடலையே கண்டிராத நப்லா, ஆமை பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தெற்குக் கரையிலுள்ள கடலாமைக் காப்பகத்துக்கு வேன் பிடித்தேன். பெரியம்மாவும் ஏறிக்கொண்டார். நான் பிள்ளை பார்க்கும் இலட்சணத்தைப் பார்க்கத்தான் வருகிறார் என்று எனக்குத் தெரியாதா?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. நப்லாவுக்கு நான்தான் தாத்தா. இருபத்தாறு வயதில் தாத்தாவா என்று தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ச் சிநேகிதிகள் என்னைக் கேலி செய்வார்கள், அவர்களுக்குத் தாத்தா என்றால் அப்பாவைப் பெற்றவர். சிங்களத்திலோ தாத்தா என்றால் அப்பாவேதான். இந்தக் கூத்தெல்லாம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும் அன்றைக்கு மாட்டிக்கொண்டேன்.

காப்பகத்தில் வரிசையாகத் தொட்டிகள். வலையில் சிக்கித் துடுப்புக்காலை இழந்த ஒரு பெரிய ஆமை, கண் தெரியாத ஒன்று, கடைசித் தொட்டியில் உள்ளங்கையளவுகூட இல்லாத குஞ்சுகள். அங்கே வேலை செய்யும் பெண் சிங்களத்தில் விளக்க, நான் நப்லாவுக்குத் தமிழில் சொன்னேன். தாய் ஆமை மணலில் முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும், பிறகு திரும்பி வராது.

"அப்ப குஞ்சுகள யாரு பாக்கிற? அதுகளுக்குத் தாத்தா ஈக்கா?"

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா என் காதில், "பாத்தியா, தாயில்லாத பேச்சு" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"தாத்தாவும் இல்ல, ஒருத்தரும் இல்ல! பேசாம வா!" என்று நப்லாவிடம் எரிந்து விழுந்தேன். பிறகு முன்னால் நடந்துகொண்டே பெரியம்மாவோடு சண்டையைத் தொடங்கினேன். நாலு வார்த்தை நான், எட்டு வார்த்தை அவர். திரும்பிப் பார்த்தால் நப்லா இல்லை.

தொட்டிகளுக்குப் பின்னால் வேலி, வேலியில் திறந்த கேட், கேட்டுக்கு அப்பால் கடல். பெரியம்மா வாசல் பக்கம் ஓடினார், நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கரைக்கு ஓடினேன். யா அல்லாஹ், இந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடாதே என்று வாய்விட்டே அழுதேன்.

ஒலிபெருக்கி சிங்களத்தில் பேசியது: ஒரு பிள்ளை தாத்தாவைத் தேடி அழுகிறது, தாத்தா உடனே டிக்கெட் கவுண்டருக்கு வரவும். எந்த மடையன் தன் பிள்ளையைத் தவறவிட்டான் என்று அந்த அப்பனைத் திட்டிக்கொண்டே ஓடினேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு மலையகத் தமிழ்க் குரல்: "தாத்தா எங்க இருந்தாலும் வாங்கய்யா, ஒங்க பேத்தி இங்கன நிக்குது." கிழவன்மாருக்குமா இன்றைக்குப் புத்தி கெட்டுப்போய்விட்டது என்று அந்தத் தாத்தாவையும் திட்டினேன்.

மூன்றாம் முறை மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம், "தாத்தா, நான் இங்கதான் ஈக்கி. நீங்க எங்க காணாமப் போன?"

என் தங்கம்! தேடப்பட்ட மடையனும் கிழவனும் நான்தான்.

ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அங்கே பெரிய அமளி. முகம் சிவந்து பெரியம்மா கத்திக்கொண்டிருந்தார். புசல்லாவையிலிருந்து பிள்ளைகளோடு ஆமை பார்க்க வந்த ரவிகுமார் என்பவரின் பின்னால் நப்லா ஒளிந்துகொண்டிருந்தாள். மைக்கில் தமிழ் பேசியது அவர்தான்.

"தாத்தா என்டா அக்காடா, அக்கா! நான் இவட பெரியம்மா, புள்ளயத் தாங்க!" என்றார் பெரியம்மா.

டிக்கெட் கவுண்டர்ப் பையன் தரமாட்டேன் என்று தலையை ஆட்டினான். ரவிகுமாரும் விடவில்லை. "கோவிச்சுக்காதீங்கம்மா. அப்பாவா, அம்மாவான்னு கேட்டுப் பாத்துட்டோம். எல்லாத்துக்கும் தாத்தான்னே சொல்லுது. நீங்க கூப்பிட்டும் வரமாட்டேங்குது. அதான் மைக்கப் பாப்பா கையிலேயே குடுத்தேன்."

நப்லா என்னைக் கண்டதும் பாய்ந்து வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளை ஏசவும் வந்தது, அள்ளிக் கொஞ்சவும் வந்தது. இரண்டையும் செய்தேன்.

"எங்கடி போன?"

"குஞ்சுகளுக்குத் தாத்தா இல்ல என்டு சொன்னீங்கதானே. அதான் நான் போய் அதுகளோட நின்ட. பொறகு பாத்தா ஒங்களக் காணல்ல."

ரவிகுமார் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "இவங்கதானா தாத்தா? நான் தாடி வச்ச பெரியவரையெல்லாம் மறிச்சு விசாரிச்சேனே!" என்று சிரித்தார். கவுண்டர்ப் பையனுக்கு நான் சிங்களத்தில் விளக்கினேன். அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

பொழுது சாயும்போது குஞ்சுகளை மணலில் விட்டார்கள். யாரும் தொடக் கூடாது, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் திரும்பித் திரும்பி எங்கள் பக்கமே வந்தது. "அங்கால போ தங்கம், பிஸ்மி சொல்லிட்டுப் போ!" என்று நப்லா கத்தினாள். அலை வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். கைதட்டினாள்.

வேனில் ஏறியதும் நப்லா என் மடியில் தூங்கிவிட்டாள். பெரியம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். என் பிழைகளை மனதுக்குள் அடுக்குகிறார் என்று நினைத்தேன். பதிலுக்கு நானும் அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது வாப்பாவின் அழைப்பு வந்தது. என் கையிலிருந்த போனைப் பெரியம்மா பறித்துக்கொண்டார்.

"ஓ, முடிவெடுத்தாச்சு. புள்ள குண்டசாலையிலேயே ஈக்கட்டும். வெள்ளிக்கிழமையில நான் வந்து பாத்துக்கிறன்."

வாப்பா காரணம் கேட்டிருக்க வேண்டும். பெரியம்மா என் மடியில் தூங்கும் நப்லாவைப் பார்த்தார்.

"என்னத்தச் சொல்ற? டிக்கட் வெட்டுற பொடியனே எனக்கு அந்தப் புள்ளயத் தரல்ல. தாத்தா வரட்டும் என்டுட்டான்."