பாரிஸ்டரைப் பார்க்கப் போகும் வழி

1

இந்தக் கதை, நூல் சுற்றி வந்த செய்தித்தாளில் இருந்து கிடைத்தது. தறிக்கு நூல் வாங்கி வரும்போதெல்லாம் மேல்தாளை நான் எடுத்துவைத்துக்கொள்வேன். பள்ளிக்கூடம் நின்ற பிறகு எனக்குப் படிக்கக் கிடைப்பது அதுதான். ஒரு தாளில் பாரிஸ்டர் திருவேங்கடத்தின் படம் இருந்தது. ஜெனீவாவில் பேசினாராம்: "எல்லைக்கோடு போடுகிறவர்கள், கோட்டுக்கு அந்தப் பக்கம் தங்கிப்போகும் குழந்தை எந்த மொழியில் படிக்கும் என்றும் கேட்க வேண்டும்." மீதிப் பேச்சு கிழிந்துபோயிருந்தது.

அந்தப் பக்கம் தங்கிப்போன குழந்தை நான். அவரை நேரில் பார்த்தவள். அதனால் எழுதலாம் என்று துணிந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

2

முதல் தொடக்கம்: "லண்டனில் சட்டம் படித்த திருவேங்கடம் கப்பலில் இருந்து இறங்கியபோது கடல் அவரை—" [நான் கடல் பார்த்ததில்லை. விட்டுவிட்டேன்.]

இரண்டாவது: "எளியோரின் காவலரான பாரிஸ்டர் அவர்கள்—" [வரவேற்புப் பத்திரம் மாதிரி இருக்கிறது.]

மூன்றாவது: "பாரிஸ்டர் திருவேங்கடம் ஒரு துரோகி." [இது சுலபமாக வந்தது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.]

தெரிந்ததைச் சொல்கிறேன். அவர் சித்தூர்க்காரர். அவருக்குச் சோறு போட்டது வியாபார வழக்குகள். துறைமுகத்தில் பஞ்சுப் பொதி நனைந்தால் நட்டம் கப்பல்காரனுக்கா, வாங்கியவனுக்கா என்று வாதாடுவார். ஆந்திர ராஜ்யம் பிரிந்த பிறகு சென்னை ஹைகோர்ட்டுக்கும் குண்டூர் ஹைகோர்ட்டுக்கும் மாறி மாறிப் போனார். நடுவில் வெளிநாடு போய், தேசங்கள் பிரியும்போது சிறுபான்மையாகிப்போகும் ஜனங்களுக்காகக் கட்டணம் வாங்காமல் பேசினார். இரண்டும் ஒரே ஆள்தான். அந்த இரண்டு பேரையும் ஒரே நாற்காலியில் உட்கார வைக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

3

ஆந்திரப் பக்கம் தங்கிப்போன நகரியில் எங்கள் தமிழ் வகுப்புகள் ஒரு வாடகைக் கட்டிடத்தில் நடந்தன. தெலுங்கு வகுப்புகளுக்குப் புதுக் கட்டிடம் வந்தது. எங்களுக்கு இடம் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் வாடகைக் கட்டிடத்தை யாரோ வாங்கி, காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். கோர்ட்டில் தடை வாங்காவிட்டால் வகுப்பு கிடையாது.

"பாரிஸ்டர் வந்து நின்னா போதும்," என்றார் என் நைனா முனிசாமி.

"அப்போ பஸ்ஸு ஏறிப் போய்க் கேளு," என்றாள் அம்மா.

"இன்னா பேசற நீ? பெரிய மனுசன் வூட்டுக்கு ஆளு இல்லாம போறதா?* யார்றா நீன்னு கேட்டா இன்னா சொல்றது?"

"முனிசாமின்னு சொல்லு. பேரு வெக்காமயா உட்டாங்க உனுக்கு?"

* எங்கள் நெசவுக்காரர்கள் பெரிய இடத்துக்குத் தனியாகப் போகமாட்டார்கள். பத்திரம் எழுதப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அங்கே முகம் தெரிந்த ஒருவர் முன்னால் நடக்க வேண்டும். அதை மரியாதை என்பார்கள். பயம் என்று நான் எழுதி அடித்திருக்கிறேன்.

நூல் வியாபாரி சிட்டிபாபு, பாரிஸ்டரிடம் முன்பு வழக்கு கொடுத்திருந்த பழைய கட்சிக்காரர். நைனா என்னையும் கூட்டிக்கொண்டு அவர் கடைக்குப் போனார். சிட்டிபாபு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். வேறு யாரிடமாவது சொன்னாயா என்றும் கேட்டார்.

"இல்ல சாமி. மொதல்ல உங்ககிட்டதான் வந்துக்கினு இருக்கோம்."

"மஞ்சிதி, நல்லது. நாளைக்கு வேணாம், நாளன்னிக்கு வா. நானே இட்டுக்கினு போறேன்."

எனக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுத்தார். தின்றேன். நல்ல வெல்லம்.

சொன்ன நாளில் அவர் ஊரில் இல்லை என்றார்கள். காலி செய்யும் நாள் நெருங்கிவிட்டதால் அன்றைக்கே நாங்களாகப் பஸ் ஏறினோம்.

4

பாரிஸ்டர் எங்களை உட்காரச் சொன்னார். நைனா உட்காரவில்லை. எந்தக் கட்டிடம் என்று கேட்டு, பதில் வந்ததும் பேனாவை மூடி வைத்தார்.

"கோர்ட்ல எப்படியும் தெரிஞ்சுடும், நானே சொல்லிடறேன். அத வாங்கினது சிட்டிபாபு. நூல் குடோனுக்கு. நேத்து வந்து இந்த வழக்குக்கு என்னை அமர்த்திட்டார்."

"அவுருதான் சாமி எங்கள இட்டாறேன்னாரு."

"ஒரு பக்கம் பணம் வாங்கிட்டா மறுபக்கம் நிக்கக் கூடாது. எங்க தொழில் விதி அது."

"கொழந்தைங்க படிப்பு சாமி இது."

"தெரியுதுப்பா." கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "முந்தாநாள் நேரா இங்க வந்திருந்தா, உங்க பக்கம்தான் நின்னிருப்பேன்."

வேறொரு வக்கீலின் பெயரைச் சொன்னார். அவர் யாருடைய ஆளோ என்று நைனா போகவில்லை. பஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "ஆள வெச்சிக்கினுதான் போனோம்."

எங்கள் பக்கம் வக்கீல் இல்லாமலே வழக்கு முடிந்து, கட்டிடம் குடோன் ஆயிற்று. நான் தறிக்கு வந்தேன். இப்போது எங்களுக்கு நூல் அந்தக் குடோனில் இருந்துதான் வருகிறது.

[விதியைப் பற்றி ஒரு பத்தி. காலையில் என் கதையைக் கேட்டுவிட்டு, மாலையில் எதிரிக்காக நிற்கிற வக்கீலை யார் நம்புவார்கள்? நல்ல விதிதான். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அவர் எங்களுக்காக நின்றிருக்க முடியாது. ஆனால் எங்களுக்கு எதிராக நிற்காமல் இருந்திருக்கலாம். நின்றார். இதை எழுதும்போது மட்டும் மூன்றாவது தொடக்கத்துக்கே திரும்பிப் போய்விடத் தோன்றுகிறது. ஆனாலும் அவர் பேனாவை மூடிய விதம் துரோகி மூடுகிற மாதிரி இல்லை. துரோகி எப்படி மூடுவான் என்று எனக்கு—]

5

முடிவு ஒன்று: ஜெனீவாவில் பேச எழுந்தவருக்கு நகரி நினைவுக்கு வந்து, பேச்சு வராமல்— [இல்லை. கைதட்டல் என்று அச்சில் போட்டிருக்கிறது.]

முடிவு இரண்டு: எல்லை மாறும்போது நகரியும் திருத்தணியோடு சேர்ந்து— [திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. நகரி ஆந்திராவிலேயே இருக்கிறது.]

6

அதனால் கதையைப் பின்னால் இழுத்து, கடைத்தெரு முனையில் நிறுத்தியிருக்கிறேன். இடது பக்கம் சிட்டிபாபுவின் கடை. நேராகப் போனால் சித்தூர் பஸ். எத்தனை முறை எழுதினாலும் நைனா இடது பக்கமே திரும்புகிறார். பின்னால் நிற்கும் நான் அன்றைக்கும் பேசவில்லை. கதையிலும் எனக்கு வாய் வரவில்லை.

இந்த முறை அவர் இன்னும் திரும்பவில்லை. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார். இதைப் படிக்கிற நீங்கள்தான் வருகிறீர்கள்.

"பாரிஸ்டர் வூட்டுக்குப் போவணும். யாருக்குன்னா அவர தெரியுமா?"

பஸ் புறப்படப் போகிறது. வழி மட்டும் சொன்னால் அவர் போகமாட்டார். கூட ஒருவர் நடக்க வேண்டும்.