முறைமாப்பிள்ளையின் கூலி

பாகலூர் சாலைக் கல்யாண மண்டபத்தில் விடிவதற்குள் மேடை தயாராகிவிட்டது. குளிரூரான தளியின் பண்ணைகளிலிருந்து வந்த வெள்ளை ரோஜாக்களில் இன்னும் குளிர் இருந்தது. சுரேந்தர் ஒன்றைத் தொட்டுப் பார்த்தான். வேறொரு நாட்டின் காலையைத் தொட்டதுபோல் இருந்தது.

கம்பெனி வேலையை விட்டு மேடை அலங்காரத்துக்கு வந்தபின் சொந்தக்காரர் கல்யாணம் இதுதான் முதல். மணப்பெண் அனிதா, தாய்மாமன் நாராயணப்பனின் மகள். பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தபோதெல்லாம் மாமா ஒரே பதிலைச் சொன்னார்: “உனக்குச் செய்யாம வேற யாருக்குடா செய்யப்போறேன்?”

பின்வாசலில் பூக்காரர் மாதேஸ்வரன் வேனில் சாய்ந்து நின்றார். பூ முழுவதும் அவர் கடனாகக் கொடுத்தது.

“இன்னிக்கி காசு வந்தாத்தான் தம்பி அடுத்த வாரத்துக்குப் பூ. தப்பா நெனைக்காதீங்க.”

அடுத்த வாரம் ஓசூரில் பெரிய வரவேற்பு ஒன்று. அதற்கு வாங்கிய முன்பணம் செலவாகிவிட்டது. பூ கிடைக்காவிட்டால் மறுபடி ஷிப்டுக்குப் போகவேண்டியதுதான்.

முகூர்த்தத்துக்கு முன் மாமா அவனை மேடைக்கு அழைத்தார். ஓரமாக மணை போட்டிருந்தது. தட்டில் பட்டு வேட்டி, மோதிரம், வெற்றிலை பாக்கு. அத்தை மகன் இருக்கும்போது பெண்ணை வெளியில் கொடுத்தால், அந்த முறைமாப்பிள்ளையை உட்காரவைத்து மரியாதை செய்த பிறகே பெண்ணை மணவறைக்கு அழைப்பார்கள். அவனும் அனிதாவும் ஒருவரையொருவர் அப்படி நினைத்ததே இல்லை. வழக்கம் அதைக் கேட்பதில்லை.

“உக்காருடா மாப்ள. மோதிரம் கனமாவே எடுத்திருக்கேன். பூவுக்கும் சேத்துத்தான்.”

தட்டை வாங்கிவிட்டால் பிறகு எதையும் கேட்க முடியாது. சுரேந்தர் நின்றபடியே சொன்னான்:

“மொறை மொறையா இருக்கட்டும் மாமா. பூவுக்குத் தனியா குடுத்துருங்க. பூக்காரரு வெளிய நிக்கறாரு.”

“ஜிஎஸ்டி போட்டியா மாப்ள?” என்றான் அனிதாவின் ஒன்றுவிட்ட அத்தை மகன் குருமூர்த்தி. சிலர் சிரித்தார்கள்.

அம்மா ருக்மணி வேகமாக வந்தாள். “சபையில எங்கண்ணன் மானத்த வாங்காதடா. உக்காரு. காசுதான வேணும், அந்த மோதிரத்த வெச்சு வாங்கிக்க.”

“மொறை மோதிரத்தையா அடகு வெக்கச் சொல்றம்மா?”



நாராயணப்பன் சட்டைக்குள் கைவிட்டுப் பணத்தை எடுத்தார். தட்டில் வைக்காமல் கையிலேயே கொடுத்தார். தொகை சரியாக இருந்தது.

“கூலி வாங்கறவனுக்கு மணை எதுக்கு? குருமூர்த்தி, நீ வந்து உக்காருடா.”

குருமூர்த்தியின் சிரிப்பு போய்விட்டது. யாரையும் பார்க்காமல் வந்து உட்கார்ந்தான். தட்டைக் கொடுக்கப் பெண்ணுக்கு அத்தை முறையில் ஒருத்தி வேண்டியிருந்தது. ருக்மணி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவளே எடுத்துக் கொடுத்தாள். மேளம் தொடங்கியது. அனிதாவை அழைத்து வந்தார்கள்.

மாதேஸ்வரன் பணத்தை எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டு வேனைக் கிளப்பினார். “திங்கக்கெழமை பூ வந்துரும்” என்றார்.

கடைசிப் பந்தியில் சுரேந்தர் தன் வேலையாட்களோடு உட்கார்ந்தான். இலை போட்டவர் வெளியூர்க்காரர்.

“நீங்க பொண்ணு வீடா, மாப்ள வீடா?”

“பூ வேலை” என்றான் சுரேந்தர்.