எண்ணெய் தெறித்த காயம்

அக்காவின் வலது கையைப் போர்வைக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள் தங்கை. போர்வை சின்னது. எப்படி இழுத்துவிட்டாலும் கை வெளியே தெரிந்தது. ஆட்காட்டி விரலிலிருந்து புறங்கை வரை கத்தரிப்பூ நிறம்.

"விடும்மா. இனிமே யார் பாக்கப் போறா?" என்றார் பிணவறை ஊழியர்.

மூன்று வாரமாக இருவரும் சேர்ந்து ஒளித்த கை அது. அந்தப் பழக்கம் அவளை விடவில்லை.

இருவருக்கும் மீன் தொழிற்சாலையில் ஒரே மேசை. சீவிய துண்டில் ஒரு முள்கூட இருக்கக் கூடாது. கையுறை போட்ட விரலுக்கு முள் தட்டுப்படாது. அதனால் எல்லோரும் ஆட்காட்டி விரல் நுனியை மட்டும் கத்தரித்துவிடுவார்கள். அதற்கான கத்தரிக்கோலை மேசையோரம் ஆணி அடித்து மாட்டியவரே சூப்பர்வைசர்தான். அக்காவின் விரலுக்கு எந்த முள்ளும் தப்பாது. மேசையில் அவள் பெயர் ஸ்கேனர்.

காலையில் வாசலில் வரிசையாகக் கை நீட்ட வேண்டும். கீறல் இருந்தால் ஆறும்வரை வேலை கிடையாது. மீன் கெட்டுவிடுமாம்.

"மீனுக்கு இருக்கிற மரியாதையைப் பாத்தியா? அடுத்த பிறவியில நாம மீனாப் பொறந்துடலாம்டி" என்பாள் அக்கா.

ஒரு நாள் அக்காவின் அந்த விரலில் முள் குத்தியது. இரண்டாம் நாள் வீங்கியது. சீழ் இல்லை. எரிச்சல் மட்டும் தூங்கவிடவில்லை. பக்கத்தில் இருந்ததோ கம்பெனி கிளினிக். அங்கே சொல்வது மறுநாள் வாசலுக்குப் போய்விடும். முள் என்றால் கையுறையை வெட்டிய குற்றத்துக்கு வேலையே போய்விடும்; வீட்டுக் காயம் என்றால் ஆறும்வரை லீவுதான்.

"சமைக்கும்போது எண்ணெய் தெறிச்சிடுச்சு டாக்டர்" என்றாள் அக்கா.

"நான்கூட பக்கத்துலதான் இருந்தேன்" என்றாள் தங்கை.

டாக்டர் தலையை நிமிர்த்தவில்லை. தொழிற்சாலையில் என்ன வேலை செய்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீக்காயம் என்று சீட்டில் எழுதி, களிம்பு கொடுத்தார். காய்ச்சல் வந்து, மூச்சு வாங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடியபோதும் அந்தச் சீட்டுதான் முன்னால் போனது. அங்கேயும் அதையே பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

அங்கே சேர்த்த ஐந்தாம் நாள் ரத்தப் பரிசோதனை முடிவோடு ஓர் இளம் டாக்டர் வந்தாள்.

"இவங்க மீன், இறைச்சி ஏதாவது வெட்டுறாங்களா?"

தங்கை அப்போதுதான் சொன்னாள்.

"இது அபூர்வமான கிருமி. தோலோட நிக்கிறதுதான் வழக்கம். இவங்களுக்கு ரத்தத்துல கலந்து இதய வால்வை அரிச்சிடுச்சு. மொதல்லயே தெரிஞ்சிருந்தா பழைய பென்சிலின் ஊசியே போதும்மா."

அந்த ஊசி அன்றே போட்டார்கள். நேற்று மத்தியானம் அக்கா போய்விட்டாள். தங்கைக்குத் தன் மேலும் கோபம், களிம்புச் சீட்டு மேலும் கோபம். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஆணியில் தொங்கும் கத்தரிக்கோல் கண்ணை விட்டுப் போகவில்லை.

சூப்பர்வைசர் பிணவறைக்குப் பூமாலையோடு வந்தார். அக்காவின் மேல் மாலையை வைத்துவிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"மனசு கேக்கலம்மா. நல்ல வேலைக்காரி. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடு."

வீட்டில் சமைக்கும்போது ஏற்பட்ட காயம், நிர்வாகத்திடம் மறைக்கப்பட்டது. இரண்டே வரி.

"இது பொய் சார்."

"நீதானேம்மா டாக்டர்கிட்ட சொன்ன? சீட்டுல இருக்கே."

அந்த ஆள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நான்தான் சொன்னேன். உண்மையைச் சொன்னா வேலை போயிடும்னுதான் அப்படிச் சொன்னேன். கிளவுஸ் நுனியை வெட்டச் சொன்னது யாரு சார்?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு? நாளைக்கு உன் இடம் அப்படியே இருக்கு, நான் பேசிட்டேன்" என்று பேனாவை நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை. போர்வையை விலக்கி, அக்காவின் வலது கையை எடுத்து மாலைக்கு மேலே வைத்தாள், புறங்கை தெரியும்படி.

"தினம் பாப்பீங்களே. பாருங்க சார்."

சூப்பர்வைசர் பார்க்கவில்லை. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். பிறகு பேனா மூடியைத் தேடிக்கொண்டே நின்றார். அது அவருடைய விரலிடுக்கில் இருந்தது.